எட்டாத பெடல்

ஹிங்க்லி,
மே 11, ஞாயிறு

அன்புள்ள கேவின்,

உனக்கும் ஷானனுக்கும் சின்னவளுக்கும் அம்மாவின் முத்தங்கள். கால்கரியில் பனி கரைந்ததா? இங்கே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரமாகவே தொங்குகிறது.

ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று யோசிக்காதே. ஃபோனில் பேசினால் அப்பா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். இப்போது அவர் ஷெட்டில் இருக்கிறார். டீக்கு உள்ளே வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரே மங்கலாம், ஓரங்களில் மட்டும் தெரிகிறதாம். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். ஊசி போட்டு இதற்கு மேல் போகாமல் நிறுத்திப் பார்க்கலாம், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஜனவரியில் ஒருநாள் கடை வாசலில் நின்றுகொண்டு, இருபது மீட்டர் தள்ளி நிற்கிற அந்த நீலக் காரின் நம்பரைப் படியுங்கள் பார்ப்போம் என்றேன். கடகடவென்று சொன்னார். சொன்னது அவர் கூட்டாளி மால்கமின் கார் நம்பர். அங்கே நின்றது மால்கமின் காரே இல்லை. நீலமாகத் தெரிந்ததும் மால்கமுடையதாகத்தான் இருக்கும் என்று மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார் மனுஷர்! அங்கே சிரித்துவிட்டேன், வீட்டுக்கு வந்து அழுதேன். பிப்ரவரியில் லைசென்ஸை அவரே உறையில் போட்டு அனுப்பிவிட்டார். இப்போது வண்டி ஓட்டுவது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கியரை மாற்று, கியரை மாற்று என்று உயிரை வாங்குகிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஷெட்டில் ஒரு கார் எதற்கு? அதைத்தான் நானும் கேட்கிறேன். பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டுகிற இந்தக் கிட் கார்களில் முதல் இரண்டையும் ஒன்றரை வருஷத்துக்கு ஒன்றாகக் கட்டி முடித்தவர், இந்த மூன்றாவதைப் பதினொரு வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கிறார். லைசென்ஸை அனுப்பிய மறுநாளிலிருந்து வேலை வேகமெடுத்திருக்கிறது. என் கேக் தட்டுகள் முழுக்க நட்டும் போல்ட்டும். விரலால் தடவியே எது எந்த அளவு என்று எடுக்கிறார். மால்கம் தினமும் வருகிறார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், கைதான் நடுங்குகிறது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மெக்கானிக் தேறுவார். ஜூன் 17ஆம் தேதி அரசாங்கச் சோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறார்கள். அதில் தேறினால்தான் ரோட்டில் ஓட்ட நம்பர் கிடைக்கும்.

போன வாரம் அவர்களைக் கிட் கார் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் சின்ன வயதில் மூன்று மண்டபம் நிறைந்து, புல்வெளியிலும் கார்கள் நின்றது உனக்கு நினைவிருக்கும். இந்த வருஷம் ஒரே மண்டபம், அதிலும் பாதியை கேரவன் கூடாரம் விற்பவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நம் கிட் கார் சங்கத்தின் வரிசையில் நான்கே கார்கள். அதில் ஒன்றின் சொந்தக்காரர் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்தார், மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். பேச்செல்லாம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றித்தான். அந்தக் காலத்தில் துருப்பிடித்த பழைய சியரா கார் தெருவுக்குத் தெரு சும்மா கிடைக்கும். எஞ்சினையும் அச்சையும் கழற்றிக்கொண்டு மீதியை வீசுவார்கள். இப்போது அந்தச் சியராவைத்தான் கண்ணாடிக் கூண்டில் வைக்காத குறையாகப் போற்றுகிறார்கள். இவர்கள் அதைப் பிரித்துக் கட்டுகிற காரைவிட அதற்குத்தான் விலை அதிகமாம். அப்பாவின் வண்டிக்கு ஃபைபர் உடம்பு வார்த்துக் கொடுத்த லென் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய வார்ப்பு அச்சுகளை வாங்கிய ஆள் அவற்றை வயலில் போட்டு வைத்திருக்கிறான், முள்செடி மூடிக் கிடக்கிறதாம். இதற்கெல்லாம் நான் கண்ணீர் விடப் போவதில்லை. நாற்பது வருஷமாகப் பிசின் நாற்றத்தில் சமைத்தவள் நான்.

ஆனால் சங்கத்தின் சோதனைப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. உனக்கு அது தெரியும். விளிம்புக்கு ஒட்டுகிற ரப்பர், போல்ட் தலைக்கு மாட்டுகிற குல்லாய், பின்னால் வருவதைப் பார்க்க மாட்டுகிற அந்த இரண்டு அசிங்கமான கண்ணாடிகள். சோதனை அன்று மாட்டுவார்கள், தேறியதும் பிடுங்கிப் பெட்டியில் போட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அந்த இரண்டே கண்ணாடியை வைத்துக்கொண்டு முப்பது கார்கள் தேறியிருக்கின்றன. அப்பாவுக்கு அடுத்து யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மால்கமைக் கேட்டேன். யாரும் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கேவின், உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தபோது, ஷெட் வாசலில் நின்று நீ சொன்னாயே, “சும்மா குடுத்தாக்கூட இந்த மாதிரி வண்டி எனக்கு வேணாம்ப்பா” என்று. அன்றைக்கு உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். இன்றைக்கு அதையே இன்னொரு தடவை அவரிடம் சொல் என்கிறேன். கண் தெரியாமல் அந்த வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் அவர் நிற்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நானும் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். நான் சொன்னால் கேட்பதில்லை. நீ சொன்னால் விட்டுவிடுவார்.

கதவுச் சத்தம் கேட்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

•

ஹிங்க்லி,
ஜூன் 19, வியாழன்

அன்புள்ள கேவின்,

போன கடிதத்தில் நான் கேட்டதை நீ செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா? எப்போதும் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத பிள்ளை, இந்த ஒரு தடவை மட்டும் கேட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் தந்தையர் தினத்தன்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாக நீ அனுப்பிய செய்தி என்னிடம் இருக்கிறது. தப்பு உன்னுடையது இல்லை. முழுக்க என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மால்கமின் டிரெய்லரில் காரை ஏற்றிக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனோம். சோதிக்க வந்தவருக்கு உன் வயது இருக்கும், உன்னைப் போலவே நெட்டை. குச்சி முனையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு வண்டி முழுக்க உருட்டினார். பந்து படுகிற விளிம்பு எதுவும் கூராக இருக்கக் கூடாதாம். அப்பா அவர் பின்னாலேயே நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் பந்து உருளும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சின்னக் குறை சொன்னார்கள், முன் விளக்குக்குக் கீழே ஒரு விளிம்பு, அப்புறம் ஒரு ஒயர். அடுத்த மாதம் சரிசெய்து கொண்டுவந்தால் போதும். மற்றபடி, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இப்படி வெல்டிங் செய்திருக்கிறீர்கள் என்று சோதித்தவரே ஆச்சரியப்பட்டார்.

அதற்கப்புறம்தான் அவர் ஓட்டிப் பார்க்க உள்ளே உட்கார்ந்தார். அப்பாவின் வண்டியில் சீட் முன்னே பின்னே நகராது. தரையோடு போல்ட் போட்டது. பெடலும் ஒரே இடத்தில் வெல்டிங் செய்தது. யார் ஓட்டப் போகிறாரோ அவருடைய காலுக்கு அளவெடுத்துத்தான் இவர்கள் இரண்டையும் பொருத்துவார்கள். அந்த மனிதர் காலை நீட்டினார், கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தலையைத் திருப்பி முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு சார். ஆனா உங்களுக்கு எட்டாதே, அம்மாவுக்கும் எட்டாது. யாரு ஓட்டுவாங்க?”

அப்பா அவருடைய காதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“என் பையன். ஆறடி ரெண்டு அங்குலம்.”

நான் கையில் டீ ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். மால்கமைப் பார்த்தேன், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன்.

எப்படி அளந்தார் என்று கேட்பாய். நீ வந்திருந்தபோது, தரை சரிமட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேலே வைக்க ஒரு பாரம் வேண்டும் என்று சொல்லி உன்னை ஷெட் சுவரில் முதுகு சாய்த்து ஒரு பலகைமேல் உட்கார வைத்தாரே. காலை நீட்டு, பெட்டியை மிதி என்றாரே. நீ ஃபோனை நோண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய், நான் உங்கள் இரண்டு பேருக்கும் சாண்ட்விச் கொண்டுவந்தேன். முந்தாநாள் சோதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போய், சுவரோரம் கிடக்கிற பழைய கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். சாக்பீஸ் கோடுகள் இன்னும் அழியவில்லை. முதுகுக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. நீ இந்த வண்டியே வேண்டாம் என்று சொன்னது அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. உன்னை அவர் உட்கார வைத்து அளந்தது வியாழக்கிழமை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறுநாள் வெள்ளிக்கிழமை உனக்கு விமானம்.

அன்று சோதனை நிலையத்திலிருந்து நம் காரை நான் ஓட்டித் திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை கேவின் என்ன சொன்னான் என்று. அவன் ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கன்னு சொன்னான் என்றார். வீடு வரும்வரைக்கும் கியரை மாற்று என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த வண்டி இல்லாமலேயே நீ வாழ்ந்துவிடுவாய், அதில் சந்தேகமில்லை. உனக்கு இதில் ஆசை இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, எனக்கே கிடையாது. கட்டுகிறவர்களும் போய்விட்டார்கள், வாங்குகிறவர்களும் போய்விட்டார்கள். அவர் இதைச் செய்துகொண்டிருந்தது கார் மேல் உள்ள பைத்தியத்தால் என்று இத்தனை நாள் நினைத்தேன். உன்னிடம் நேராகக் கேட்க வாய் வராமல்தான் செய்திருக்கிறார். ஆகஸ்டில் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை நீ ஓட்டு. அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே.

ஒரு கடிதமாக எழுதி அனுப்பு. அவருக்குத் தபாலில் வருவதுதான் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா

•

ஹிங்க்லி,
ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்புள்ள கேவின்,

உன் கடிதம் ஜூலை கடைசியில் வந்து சேர்ந்தது. சின்னவள் வரைந்து அனுப்பிய குதிரை (அது குதிரைதானே?) ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அப்பா மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று ஓரக்கண்ணால் பார்த்தார், கால் ஐந்து இருக்கிறது என்றார். அவளிடம் சொல்லிவிடாதே, ஒன்று வாலாக இருக்கும்.

முதலில் நல்ல செய்தி. இரண்டாவது சோதனையில் வண்டி தேறிவிட்டது. நம்பரும் வந்துவிட்டது. பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது என்பதால் இதற்கு வயது சொல்ல முடியாது என்று க்யூ எழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா நம்பர் பலகையின் எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தார். மால்கம் ரப்பர்களையும் கண்ணாடிகளையும் கழற்றிப் பெட்டியில் போட்டார். பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. சங்கத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் இனி கிடையாதாம், பப்காரர் அந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர், அவர்களில் நானும் ஒருத்தி.

இனி உன் கடிதம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலையில் ஆட்களைக் குறைக்கிற நேரத்தில் விடுப்புக் கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறாய், அது நியாயம். மூன்று பேருக்கு விமானச் செலவு என்னவென்று எனக்கும் தெரியும். பெடலை மாற்றி, ஆசைப்படுகிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள், ஷெட்டில் கிடப்பதைவிட அது நல்லது என்று எழுதியிருந்தாய். அதுவும் புத்திசாலித்தனமான பேச்சுதான். எல்லாவற்றையும் நீ மரியாதையாகத்தான் எழுதியிருந்தாய்.

ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. இப்போது இந்த வீட்டில் வருகிற தபாலை எல்லாம் நான்தான் அவருக்குப் படிக்கிறேன். நீ பேனாவை அழுத்திப் பெரிதாக எழுதுவாய், உறையைத் தடவியே கண்டுபிடித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குளிர், பள்ளிக்கூடம், ஷானனின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று முதல் பக்கத்தை உள்ளபடி படித்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன். நீ எழுதியதை விட்டுவிட்டேன். எஞ்சின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேவின் கேட்டிருக்கிறான், வர முயற்சி செய்கிறானாம் என்று நானாகச் சேர்த்துப் படித்தேன். பொய்தான். உன் பெயரில் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள். அவர் எழுந்து ஷெட்டுக்குப் போய் எஞ்சினைப் போட்டார். நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளும் அதைப் படி என்றார், அதற்கு மறுநாளும் கேட்டார். சொன்ன பொய்யை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல எனக்கு என்ன நாடகப் பயிற்சியா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒருநாள் சத்தம் எப்படி என்று கேட்டிருப்பாய், இன்னொரு நாள் வேகம் எவ்வளவு என்று கேட்டிருப்பாய். அவர் தலை சாய்த்துக் கேட்டுக்கொள்வார். போன வியாழக்கிழமை காலையில், நான் படித்து முடித்துக் கடிதத்தை மடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து வேற மாதிரி படிச்சியே கிளெண்டா.”

எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஏதோ உளறினேன். அவர் கையை விடவில்லை.

“பரவால்ல. நேத்து படிச்சதையே படி.”

அதாவது அவருக்குத் தெரியும், கேவின். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். நீ ஃபோனில் சொன்னதையும் கேட்டவர் அவர்தானே. தெரிந்துகொண்டே, நான் சொல்கிற பொய்யில் எது நல்லதோ அதை இன்னொரு தடவை கேட்கிறார். அன்றைக்கு நான் படித்தேன். படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், காயாத துணியை எடுத்து மடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உள்ளே வர வெகுநேரம் ஆயிற்று.

நேற்று நானே பேச்சை எடுத்தேன். மால்கமை வைத்துப் பெடலை ஏழு அங்குலம் சீட் பக்கமாகக் கொண்டுவந்தால் எனக்கு எட்டும், அரை நாள் வேலை, நான் உங்களை உட்கார வைத்து ஓட்டுகிறேன் என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, குனிந்து அதற்குள் இறங்கவும் ஏறவும் என்னால் முடிகிறது, ஷெட்டுக்குத் தனியாகப் போய் நான்கு தடவை பழகிப் பார்த்தேன். உன் காரை நீ ஓட்டவில்லையென்றால் நான் ஓட்டுவேன். கூரையில்லாத வண்டியில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு லெஸ்டர் டவுன் வரைக்கும் போவேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பெடல் வெல்டிங் செய்தாகிவிட்டது, வெட்டினால் திரும்ப ஒட்டுவது உறுதியாக இருக்காது, இந்த மாதம் போகட்டும் என்றார். வெல்டிங்கைப் பற்றி நாற்பது வருஷத்தில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் ஒரு பிரச்சினையும் இல்லை. வர மாட்டேன் என்று நீ உன் வாயால் சொல்கிறவரைக்கும் அவர் அதில் யாரையும் கைவைக்க விட மாட்டார்.

அதனால் கேட்கிறேன். வர முடிந்தால் இரண்டு நாள் வா, தனியாகவாவது வா. முடியாது என்றால் முடியாதுதான், அதற்காக உன்னை யாரும் குறை சொல்லப் போவதில்லை. செப்டம்பர் முதல் வாரம் மால்கம் பெடலை எனக்கு மாற்றிக் கொடுப்பார். ஆனால் உன் பதிலை எழுதி அனுப்பாதே. நீ எழுதுவதெல்லாம் என் குரலில்தான் அவருக்குப் போய்ச் சேருகிறது, வர மாட்டேன் என்பதையும் என் குரலில் அவர் கேட்க வேண்டாம். என்னால் உண்மையையும் படிக்க முடியவில்லை, இனிமேல் பொய்யையும் படிக்க முடியாது. ஃபோனை எடுத்து அப்பாவைக் கூப்பிடு. நான் அவர் பக்கத்தில் நிற்க மாட்டேன், தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். அந்தச் சாக்பீஸ் கோடுகளை நான் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. மற்றது எதைச் சொன்னாலும் அவர் தாங்கிக்கொள்வார்.

உன் வீடு குறைவில்லாமல் இருக்கட்டும். சின்னவள் வளர்ந்து எந்த ஊருக்குப் போனாலும், உன்னிடம் சொல்ல வேண்டியதைத் தானே கூப்பிட்டுச் சொல்கிறவளாக இருக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா